தேத்தண்ணித் தட்டின் அடியில் ஒரு திகதி

எதைச் செய்தாலும் அதன் அடியில் திகதி போடுவது என் பழக்கம். பள்ளிக் கொப்பிகளில் தொடங்கி, படங்களுக்குப் பரவி, பிறகு மேசை விளக்கு, புத்தக அட்டை, ஒருமுறை கிறிஸ்துமஸ் கேக் வைத்த பெட்டி வரைக்கும் போனது. பழைய நாட்குறிப்புகளையும் கப்பல் பயணக் கடிதங்களையும் அளவுக்கு மீறி வாசித்ததால் வந்த வினை என்று அப்பா சொல்வார். இருக்கலாம். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, அன்று என்ன கிழமை, என்ன சாப்பிட்டோம் என்று எழுதிவைத்தவர்களை எனக்கு நம்பப் பிடிக்கும். இப்போது நான் படிக்கும் ஹாலே நகரின் ஆவணக் காப்பகத்தில் முந்நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ்க் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கக் கிடைத்தபோது எழுத்தைப் பார்க்குமுன் திகதியைத்தான் என் கண் தேடியது.

அந்தப் பழக்கம் பதினேழாவது வயதில் ஒருமுறை என்னைக் காட்டிக்கொடுத்தது. அதை இப்போது, அந்த வருடக் குறிப்பேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

மியூனிக்கில் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு ஒரு தொழில்சார் மேல்நிலைப் பள்ளியின் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்திருந்தேன். சில கிழமைகள் வகுப்பறை, சில கிழமைகள் பட்டறை. பட்டறையில் எங்களுக்கு வாய்த்தது பொருள் வடிவமைப்பு: மனிதர் கையால் எடுத்துப் பாவிக்கும் ஒன்றை யோசித்து, கீறி, வெட்டி, ஒட்டி, பாவித்துப் பார்த்து, எங்கே பிழைத்தது என்று கண்டுபிடித்து, மறுபடி செய்வது. முதல் அரையாண்டு ‘புறோபெட்சைட்’, பரீட்சார்த்த காலம். பெப்ரவரி நடுவில் வரும் அறிக்கையில் தேறியிருந்தால் தொடரலாம். இல்லையென்றால் பள்ளியை விட்டுப் போக வேண்டும். கணிதத்தில் நான் முதல் மாதத்திலேயே சறுக்கத் தொடங்கியிருந்தேன். பட்டறை வேலையும் சறுக்கினால் எல்லாம் முடிந்தது.

அப்பா நகர பஸ் ஓட்டுகிறார். ஜேர்மனிக்கு அகதியாக வந்து, ஊரில் படித்த படிப்புக்கு இங்கே பெறுமதி இல்லை என்று கேட்டு, பல வருடம் உணவகங்களில் பாத்திரம் கழுவி, அதன் பிறகு சாரதிப் பயிற்சி எடுத்தவர். கையில் ஒரு சான்றிதழ் இருந்தால்தான் மனிதர் நிமிர்ந்து நிற்கலாம் என்பது அவர் கண்டறிந்த உண்மை. நான் சேர்ந்த பிரிவு அவருக்குப் பிடிபடவில்லை.

“படம் கீறுறது சரி. உனக்கு வருகுது. ஆனா கதிரையில இனி என்னத்தை வடிவமைக்க இருக்கு? நாலு கால், ஒரு முதுகு. அந்த வேலை எப்பவோ முடிஞ்சுது.”

“அப்ப ஏனப்பா வருசத்துக்கு வருசம் புதுக் கதிரை வருகுது?”

“விக்கிறதுக்கு.”

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். “பெப்ரவரி வரைக்கும் பாப்பம். ஏலாட்டி கண்ணாடிக் கடையில அவுஸ்பில்டுங். படிவத்தை நான் நிரப்பி வைச்சிருக்கிறன்,” என்றார். கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில் மூன்று வருடத் தொழிற்பயிற்சி. நல்ல தொழில்தான். ஆனால் அந்தப் படிவத்தில் என் பெயருக்குக் கீழே இருந்த கையெழுத்துக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் மேசை லாச்சியை மூடிவிடுவேன்.

ஒக்டோபர் மூன்றாம் கிழமை, செவ்வாய்க்கிழமை, பட்டறை ஆசிரியை கரும்பலகையில் ஒரே வரியை எழுதினார்: ‘ஒரே ஒருவருக்காக ஒரு பொருள்.’ அந்த ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பொருளை அவர் குறைந்தது மூன்று முறை உண்மையான இடத்தில் பாவிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என்ன பிழைத்தது என்று திகதியோடு எழுத வேண்டும். ஜனவரி கடைசி வெள்ளி ஒப்படைப்பு. திகதியோடு என்றதும் எனக்கு உற்சாகம் பிறந்தது. பாதி வேலை ஏற்கெனவே முடிந்ததுபோல வீட்டுக்குப் போனேன்.

யாருக்காகச் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை. ஜேர்மன் கத்தோலிக்கப் பங்கு ஒன்று தன் கோவிலையும் பக்கத்து மண்டபத்தையும் பிற்பகலில் எங்களுக்குத் தரும். பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணி. அதைப் போடுபவர் மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா. முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. அப்பாவும் அவரை அக்கா என்பார், நானும் அக்கா என்பேன். அன்ரி என்று கூப்பிட வேண்டிய வயதுதான், ஆனால் அந்த மண்டபத்தில் அவர் எல்லோருக்கும் தேத்தண்ணி அக்கா. வலது மணிக்கட்டில் அந்த வருடம் சத்திரசிகிச்சை நடந்திருந்தது.

சமையலறை கீழே, மண்டபம் மேலே. நடுவில் பதினேழு படிகள். மேலே புதிதாகப் பலகைத் தளம் போட்டிருந்ததால் கொதிக்கும் கேத்தல் எதையும் அங்கே கொண்டுபோகக்கூடாது என்பது பங்கின் கட்டளை. அதனால் அக்கா கீழேயே இஞ்சியும் பாலும் சேர்த்து, கப்களில் ஊற்றி, அகலமான சில்வர் தட்டில் அடுக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஏறுவார். தட்டு பார்வையை மறைப்பதால் காலால் படியைத் தடவித் தடவி ஏறுவார். கப்கள் வழுக்கும். படியோரக் கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

“பிளாஸ்க்கில ஊத்திக் கொண்டுபோனா என்ன அக்கா?” என்று கேட்டேன். வடிவமைப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது: புதிதாகச் செய்யாமலே தீர்க்கலாமா?

“பிளாஸ்க் தேத்தண்ணி ஆசுப்பத்திரித் தேத்தண்ணி,” என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எனவே தட்டு. படிகளை அளந்தேன், கப்பின் விட்டத்தை அளந்தேன், அக்காவின் உள்ளங்கையையும் விரல் நீளத்தையும் அளந்தேன். ஆறு கப் வைக்கும் ஆறு துளைகளோடு ஒட்டுப்பலகைப் பெட்டி, மேலே குறுக்காக ஒரு மர உருளை. ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு மறு கையால் கம்பியைப் பிடித்து ஏறலாம். தச்சரின் கருவிப் பெட்டியைப்போல இருந்தது. எனக்கு அது உலகத்திலேயே அழகான பொருளாகத் தெரிந்தது. அடியில், சூட்டு ஊசியால், திகதியைப் பொறித்தேன்.

முதல் பரிசோதனை நவம்பர் முதல் ஞாயிறு என்றுதான் இவ்வளவு நாளும் என் நினைவில் இருந்தது. குறிப்பேடு இரண்டாம் ஞாயிறு என்கிறது. குறிப்பேடுதான் சரி. முதல் ஞாயிறு எல்லோரும் இறந்தோர் நினைவுக்குக் கல்லறைகளுக்குப் போனதால் பூசை ஒரு கிழமை தள்ளிப்போனது.

அக்கா தட்டைத் தூக்கினார், ஏறினார், ஒரு துளி சிந்தவில்லை. நான் பின்னாலேயே தாளும் பேனையுமாகப் போய்ப் பன்னிரண்டு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன். இதில் என்ன பிழை?

“பிழையோ? வடிவாயிருக்கு பிள்ளை.”

“நீ செய்ததோ? உன்ரை கையாலயோ? கடையில வாங்கினது எண்டெல்லோ நினைச்சன்.”

“கெட்டிக்காரி. கொப்பாவுக்குச் சொல்லு, நான் சொன்னனான் எண்டு.”

ஓர் அங்கிள் மட்டும் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நான் பேனையை நிமிர்த்தினேன். “ஓம், ஒரு குறை இருக்கு. தேத்தண்ணிக்குச் சீனி காணாது. அதை எழுது.”

அக்காவிடம் கேட்டேன். “அந்தமாதிரி இருக்கு பிள்ளை, ஒரு குறையும் இல்லை,” என்றார், என் கன்னத்தைத் தட்டி.

பன்னிரண்டு பாராட்டுகளையும் அழகாகப் படியெடுத்து, பெயருக்குப் பதில் எண் போட்டு, மேலே திகதியிட்டு ஆசிரியையிடம் கொடுத்தேன். மேல்நிலைப் பள்ளியில் எங்களை மரியாதைப் பன்மையில்தான் அழைப்பார்கள். பதினேழு வயதில் அது இன்னும் அளவு சரியாகாத கோட்டுப்போல இருந்தது. அவர் மூன்று பக்கங்களையும் பொறுமையாக வாசித்தார்.

“பன்னிரண்டு பேர். ஒரு குறைகூட இல்லை. நீங்கள் பரிசோதனை நடத்தவில்லை. பாராட்டு விழா நடத்தியிருக்கிறீர்கள்.”

“எங்கள் ஆட்கள் குறை சொல்ல மாட்டார்கள்,” என்றேன்.

“அப்படி ஆட்கள் எங்கேயும் இல்லை. உங்கள் முன்னால் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.”

பதினைந்துக்கு மூன்று புள்ளிகள். அது இடைக்காலப் புள்ளிதான், மாற்றலாம். ஆனால் நான்குக்குக் கீழே போனால் தேறவில்லை என்று அர்த்தம்.

யு-பான் சுரங்க ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அவர் சொன்னதை யோசித்தேன். எவ்வளவு உண்மை. எங்கள் ஆட்கள் குறை சொல்லாதவர்களா? கலியாண வீட்டில் “நல்ல சாப்பாடு, நல்ல சாப்பாடு” என்று இரண்டு கையையும் பிடித்துச் சொல்லிவிட்டு வருவோம். கார்க் கதவு மூடியதும் ரோல்ஸில் உப்பில்லை, மண்டபத்தில் வெக்கை, வீடியோக்காரன் எல்லோரையும் மறைத்துக்கொண்டு நின்றான் என்று ஒவ்வொன்றாக வரும். பூசை நீண்டால் அது சுவாமியாருக்குத் தெரியாது. யு-பானின் மூன்று பெட்டிகளுக்குத் தெரியும். எங்களுடைய குறைகளெல்லாம் திரும்பிப் போகும் வழியில்தான் சொல்லப்படுகின்றன. செய்தவர் அந்தப் பெட்டியில் இருப்பதில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு. கைப்பிடி உருளையைத் தடிப்பாக்கியிருந்தேன். இம்முறை யாரிடமும் எதையும் கேட்பதில்லை, பார்ப்பது மட்டும் என்று முடிவு. படியின் உச்சியில், கோட்டுகள் தொங்கும் இடத்தில் ஒதுங்கி நின்றேன். அக்கா என் தட்டோடு ஏறி வந்தார். இடது கை கம்பியில் இருந்தது. எல்லாம் நான் வரைந்தபடியே நடந்தது. மேலே வந்ததும் மண்டபத்துக்குள் போகாமல் வலப்பக்கம் திரும்பினார். அங்கே பழைய பியானோ ஒன்று நிற்கிறது. அதன் பின்னாலிருந்து சில்வர் தட்டை எடுத்தார். ஆறு கப்பையும் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினார். என் தட்டைப் பியானோவுக்குப் பின்னால் வைத்தார். சில்வர் தட்டோடு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது என்னைக் கண்டார்.

“அது சும்மா பிள்ளை. உன்ரை தட்டு பழுதாப் போயிடும் எண்டு. ஆக்கள் இடிப்பினம்.”

“மாத்திறது உங்களுக்கு ரெண்டு வேலையெல்லோ அக்கா?”

“எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. நீ போய் ரோல்ஸ் எடு, முடியப்போகுது.”

அன்றைய பக்கத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘சில்வர் தட்டு. பியானோவுக்குப் பின்னால். ஏன்?’

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பரீட்சார்த்த காலத்தில் தேறுவது சந்தேகம் என்று பெற்றோருக்கு அறிவிக்கும் கடிதம். அப்பா வேலை உடுப்போடேயே சமையலறை மேசையில் இருந்து அதை இரண்டு முறை வாசித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருக்கலாம்.

“எப்ப குடுக்க வேணும்?”

“ஜனவரி கடைசி வெள்ளி.”

அவர் லாச்சியைத் திறந்து, பஸ் நேர அட்டவணைகளுக்குக் கீழே இருந்த கண்ணாடிக் கடைப் படிவத்தை எடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினார். “கண்ணில படட்டும். பயப்பிடுத்த இல்லை. மறந்துபோகக்கூடாது எண்டு,” என்றார். அதற்குப் பிறகு பால் எடுக்கப் போனாலும் தயிர் எடுக்கப் போனாலும் அந்தப் படிவம் என்னைப் பார்த்தது.

பொய் சொல்வது என்று முடிவெடுத்தது விடுமுறையின் மூன்றாம் நாள். ஆசிரியை சொன்னதைத்தான் நான் நேராகச் செய்தேன்: செய்தவர் முன்னால் இல்லாவிட்டால் குறை வரும். அப்படியென்றால் செய்தவள் நான் இல்லை. அமைப்பை மாற்றாமல், வெளிவடிவத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி, தட்டைப் புதிதாக வேறு ஒட்டுப்பலகையில் வெட்டினேன், என்னுடையது என்று தெரியாதபடி கடும் சாம்பல் நிறம் பூசினேன். காய்ந்ததும் உறைக்குள் வைத்தேன்.

ஜனவரி முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், சமையலறையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “இது நான் செய்ததில்லை. எங்கட வகுப்பில ஒரு ஜேர்மன் பெடியன் செய்தது. தமிழாக்களிட்டயும் கேட்டுப் பாக்கச் சொல்லித் தந்தவன்.”

சமையலறையே யு-பான் பெட்டியாக மாறியது.

“அந்தப் பெடியன் பிறந்து இண்டைவரைக்கும் தேத்தண்ணி குடிச்சிருக்க மாட்டான்.”

“கப்பின்ரை காது இந்த ஓட்டையில சிக்குது, பாருங்கோ. இழுத்தா எல்லாம் தெறிக்கும்.”

“தடிக்குக் கீழால கையை விட்டு எடுக்க ஆவி சுடுது. ஆருக்கு ஏலும்?”

“என்ன பாரமடி! தேத்தண்ணி கொண்டுபோறதோ, பிரேதப்பெட்டி கொண்டுபோறதோ?”

“மெல்லக் கதையுங்கோ. சுவாமியார் வாசலில நிக்கிறார்.”

“நிக்கட்டும். அவருக்கும் சுடத்தானே போகுது.”

நவம்பரில் சீனி காணாது என்ற அங்கிள் தட்டைக் கவிழ்த்து, நகத்தால் சுரண்டி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “விளிம்புக்கு வார்னிஷ் இல்லை. மூண்டு மாசத்தில தண்ணி குடிச்சு உப்பும். நிறமும் சரியில்லை. சவர்க்காரப் பெட்டி மாதிரி.”

எனக்குக் காது சுட்டது. அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை. எல்லாம் என்னைப் பற்றியது. நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். பக்கம் திருப்பினேன். அக்கா இவ்வளவு நேரமும் இஞ்சி தட்டிக்கொண்டு நின்றவர், கையைத் துடைத்துவிட்டு வந்தார்.

“மேல ஏறுறதுக்கு இது நல்லம். அதை முதல் எழுது. ஒரு கை கம்பியில கிடக்கும், படி தெரியும். எனக்குக் கை நோகேல்லை. ஆனா மேல போனாப்பிறகு இதை நான் ஆருக்கும் நீட்ட ஏலாது.”

“ஏனக்கா?”

“ஒரு கையால தேத்தண்ணி குடுக்கிறதோ? மாட்டுக்குத் தண்ணி வைக்கிற வாளி மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ? ரெண்டு கையாலயும் பிடிச்சு நீட்டினாத்தான் ‘எடுங்கோ’ எண்டு சொன்னது மாதிரி. எவ்வளவு கஷ்டப்பட்டு ஏறினாலும் அந்த ஒரு நிமிசத்துக்குத்தானே ஏறுறன்.” கைத்துணியை மேசையில் வைத்தார். “அதுக்காகத்தான் மற்றத் தட்டைப் பியானோவுக்குப் பின்னால வைக்கிறனான்.”

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் என்னை நேராகப் பார்த்தார். நான் அதைக் கவனித்ததாகக்கூட அன்று எழுதவில்லை. எழுதியது குறைகளை மட்டும். பத்தொன்பது.

அந்தப் பத்தொன்பதையும் மறுநாள் பட்டறையில் மேசைமேல் விரித்துக்கொண்டு இருந்தேன். மூன்று மாதமாக அக்காவின் கையை அளந்திருந்தேன். படியை அளந்திருந்தேன். அவர் படி ஏறுவது எதற்காக என்பதை அளக்கவில்லை. என் தட்டு பதினேழு படிகளுக்காகச் செய்யப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு வரும் ஒரு நிமிடத்துக்கு அதில் இடமே இல்லை. கீழே ஒரு கை வேண்டும், மேலே இரண்டு கை வேண்டும். ஒரே பொருள் இரண்டாக இருக்க வேண்டும்.

விடை அக்காவின் ஏளனத்திலேயே இருந்தது. வாளி. வாளியின் கைப்பிடி தூக்கும்போது நிமிர்ந்து நிற்கும், வைத்ததும் பக்கத்தில் படுத்துவிடும். கைப்பிடியை இரு முனையிலும் மரையாணியில் சுழலும்படி பொருத்தினால் படியில் நிமிர்த்தலாம், மேலே வந்ததும் சாய்க்கலாம். சாய்ந்ததும் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெட்டிய பிடிகள் கைக்கு வரும். ஆவி சுடுவதும் அதனோடேயே தீர்ந்தது. துளைகளுக்குக் கப்பின் காது போக ஒரு வெட்டு. மெல்லிய பலகை. விளிம்பெல்லாம் மூன்று பூச்சு வார்னிஷ். நிறம் வேண்டாம், மரம் மரமாகவே இருக்கட்டும்.

ஆசிரியை என் மேசையருகே நின்று பத்தொன்பது குறைகளையும் வாசித்தார். இரண்டு கை என்ற இடத்தில் விரலை வைத்தார். “இதை எப்படிப் பிடித்தீர்கள்?”

நான் பொய் சொன்னதைச் சொன்னேன். கோவில் சமையலறையில் என்பதையும் சேர்த்து.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. “பொய்யையும் திகதியோடு எழுதுங்கள். அதுவும் நீங்கள் பாவித்த கருவிதானே. அடுத்த பரிசோதனையில் அது வேண்டாம்.”

அதுதான் சிக்கல். அடுத்த பூசை பெப்ரவரியில். ஒப்படைப்பு ஜனவரியில். எனவே ஒப்படைப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலை, புதுத் தட்டோடு அக்காவின் வீட்டுக்குப் போனேன். மின்தூக்கி இல்லாத கட்டடம், மூன்றாம் மாடி. வழி முழுக்க வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அக்கா, அன்று பூசை முடிந்து நான் சொன்னது பொய். பெடியன் யாரும் இல்லை. அதெல்லாம் நான்தான்.

வாசலில் அவர் என்னைப் பேசவே விடவில்லை. “தேத்தண்ணி கொதிக்குது, தட்டைத் தா.” ஆறு கப்பில் ஊற்றி, தட்டில் வைத்து, கைப்பிடியை நிமிர்த்தி, வீதிக்கதவு வரை இறங்கினார். பிறகு ஏறத் தொடங்கினார். நான் மூன்றாம் மாடியில் நின்றேன். செருப்புச் சத்தம் சீராக வந்தது. காலால் தடவும் சத்தம் இல்லை. இரண்டாம் மாடியில் ஒரு ஜேர்மன் முதியவர் கதவைத் திறந்து பார்த்து, மணம் பிடித்து, ஒரு கப்பை எடுத்துக்கொண்டதாக அக்கா பிறகு சொன்னார். மேல் படிக்கு வந்ததும் தட்டைச் சன்னல் ஓரக் கல்லில் வைத்து, கைப்பிடியை விரலால் தட்டினார். அது பக்கத்தில் படுத்தது. இரண்டு கையாலும் தூக்கி எனக்கு நீட்டினார்.

“எடுங்கோ,” என்றார். என்னைப்போய், பன்மையில்.

நான் எடுத்தேன். குடிக்க முடியவில்லை. “அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அந்தச் சாம்பல் தட்டு...”

“உன்ரை.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அங்கிள் கவிட்டுப் பாத்தவரெல்லோ? அடியில திகதி இருந்தது. சுட்டுப் போட்ட திகதி. முதல் தட்டுக்கும் அப்பிடித்தான். உன்னைவிட வேற ஆர் தட்டுக்கு அடியில திகதி போடுவினம்?”

நான் நிறத்தை மாற்றியிருந்தேன். பலகையை மாற்றியிருந்தேன். உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். காய்ந்த கையோடு கவிழ்த்து வைத்து, யோசிக்காமல், திகதியையும் பொறித்திருக்கிறேன்.

“பிறகு ஏனக்கா அப்பவே சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா நான் எப்பிடிக் குறை சொல்லுறது?” அவர் ஒரு கப்பை எடுத்து ஊதினார். “நீயே ஒரு வழி விட்டனீ. நல்ல காலம் எண்டு எல்லாத்தையும் கொட்டினன். ரெண்டு மாசமா வயித்துக்குள்ள கிடந்தது.”

“அங்கிளுக்கும் தெரியுமோ?”

“அவருக்குக் கண் சரியாத் தெரியாது. வார்னிஷைத் தடவித்தான் கண்டுபிடிச்சவர். நீ கண்ணாடிக் கடைக்குப் போனா முதல் ஆளா வருவார்.”

சிரித்தோம். அந்தச் சிரிப்போடு கண்ணாடிக் கடை முதன்முறையாகப் பயமில்லாத ஒரு சொல்லாக எனக்குக் கேட்டது. பிறகு அவர் கப்பை வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே, ஒப்படைக்க ஆறு நாள் மட்டுமே இருந்த அந்தத் தட்டில் இரண்டு குறை சொன்னார். பக்கப் பிடி கூராக இருக்கிறது, விரலை வெட்டுகிறது. காலில்லாததால் ஈரத்தில் ஒட்டுகிறது. எழுதிக்கொண்டேன். திங்களும் செவ்வாயும் பிடியை அரத்தால் உருட்டி, அடியில் நான்கு சிறு கால்கள் ஒட்டினேன். திகதி, கால்களுக்கு நடுவில்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒப்படைத்தேன். அடுத்த புதன் புள்ளி வந்தது. பதினைந்துக்குப் பதினொன்று. ‘பொய் பற்றிய பக்கம் சிறந்த பக்கம்’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

பெப்ரவரி முதல் ஞாயிறு அப்பாவுக்கு ஓய்வு நாள். மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தார். அக்கா படியேறி வந்து, கைப்பிடியைச் சாய்த்து, இரண்டு கையாலும் தட்டை அவர் முன் நீட்டினார். அப்பா கப்பை எடுக்கவில்லை. கைப்பிடியை விரலால் தூக்கினார், விட்டார், மறுபடி தூக்கினார். காலையில் பஸ்ஸை எடுக்குமுன் ஒவ்வொரு நெம்புகோலையும் பார்ப்பாரே, அந்த முகம்.

“நல்லாயிருக்கு,” என்றார்.

அக்கா நகரவில்லை. “அண்ணை, குறை இருந்தா பிள்ளைக்கு முன்னால சொல்லுங்கோ. யு-பானில போய்ச் சொல்லாதேங்கோ.”

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி கைப்பிடியைத் தூக்கினார்.

“இந்த ஆணி கிறீச்செண்டுது. இப்ப ஒண்டுமில்லை. ஒரு வருசத்தில தேயும். நடுவில ஒரு நைலோன் வளையம் போட வேணும்.”

குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். அவர் நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு கப்பை எடுத்தார்.

பெப்ரவரி நடுவில், வெள்ளிக்கிழமை, அறிக்கை வந்தது. கணிதத்தில் மயிரிழை. பரீட்சார்த்த காலத்தில் தேறியிருந்தேன். அப்பா அதை ஒருமுறைதான் வாசித்தார். எழுந்துபோய் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த படிவத்தை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்து, வெற்றுப் பக்கத்தில், பேனையால் ஒரு கதிரை கீறத் தொடங்கினார். கோணலான கதிரை. முதுகு, இருக்கை, பக்கத்தில் ஒரு நெம்புகோல். சாரதியின் கதிரை.

“இதில ஒரு குறை இருக்கு,” என்றார். “இஞ்சை, முதுகு முடியிற இடத்தில. எட்டாவது மணித்தியாலத்தில தெரியும். ஒருத்தருக்கும் சொன்னதில்லை.”

“எத்தினை வருசமா?”

“எழுது. பிறகு கேள்.”

எழுதினேன். முதுகு. பிறகு தோள்பட்டை, பிறகு இடது முழங்கால், பிறகு குளிர்காலத்தில் கோட்டோடு இருக்கும்போது மாறிப்போகும் உயரம். ஒன்று முடிய ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வெற்றுப் பக்கம் நிறைந்ததும் தாளைத் திருப்பி, கண்ணாடிக் கடை கேட்டிருந்த கட்டங்களுக்கு நடுவிலும் எழுத வேண்டி வந்தது.